இடம் மாறாதது குற்றமா?

முதுகலை முடித்த பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டத்துக்கும் சேரக் கூடாது என்பது உயர்கல்வி வட்டாரத்தில் ஏறக்குறைய எழுதாச் சட்டமாகிவிட்டது. இறுதியாண்டு மாணவர் துறைத்தலைவரிடம் யோசனை கேட்டாலும், வெளிநாட்டில் ஆய்வு செய்யும் சீனியரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இங்கேயே கிடக்காதே, வெளியே போ. அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரே ஆசிரியர்களிடம் மறுபடியும் படித்தால் சிந்தனை குறுகிவிடும். தன்விவரக் குறிப்பில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், வேறெங்கும் இடம் கிடைக்காதவர் என்று தேர்வுக் குழு நினைத்துவிடும். பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் ஒரே தாழ்வாரத்திலிருந்து வரும். அமெரிக்கக் கல்வித்துறையில் இதற்கு ‘அகடமிக் இன்பிரீடிங்’ என்று பெயர். கால்நடை வளர்ப்பிலிருந்து எடுத்த அந்தப் பெயரே பாதித் தீர்ப்பை முன்கூட்டி எழுதிவிடுகிறது.

இந்தக் கருத்து தவறானது. இதற்குப் பின்னால் இருக்கும் கவலை பொய்யல்ல. பல நாடுகளின் பல்கலைக்கழகங்களை உண்மையாகவே அரித்த ஒரு நோயைப் பற்றிய கவலை அது. ஆனால் அந்த நோய் ஆசிரியர் நியமனத்தில் இருக்கிறது, மாணவர் சேர்க்கையில் இல்லை. நியமனக் குழுக்கள் சுமக்க வேண்டிய பழியை இருபத்திரண்டு வயது மாணவரின் தலையில் இறக்கி வைத்ததுதான் இங்கே நடந்திருக்கும் பிழை.

எச்சரிக்கை எங்கே தொடங்கியது என்று பார்த்தாலே இது தெரியும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக 1869 முதல் 1909 வரை நாற்பது ஆண்டுகள் இருந்தவர் சார்லஸ் எலியட். 1908-இல் வெளியான ‘யுனிவர்சிட்டி அட்மினிஸ்ட்ரேஷன்’ என்ற நூலில், ஒரு பல்கலைக்கழகம் தன்னிடம் படித்தவர்களையே ஆசிரியர்களாக வைத்துக்கொண்டு போவது ஆபத்து என்று அவர் எழுதினார். அவர் பேசியது சம்பளப் பட்டியலைப் பற்றி. தென் கொரியா 1999-இல் இதே கவலையை விதியாக்கியது: புதிதாக நியமிக்கப்படும் ஆசிரியர்களில் ஒரே பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் தன்னிடமே பணிபுரிபவரைப் பேராசிரியராக உயர்த்திக்கொள்வதற்கு நெடுங்காலமாகவே தடையுண்டு. இளம்பேராசிரியர் ஒருவரை அதே இடத்தில் நிரந்தரமாக்க வேண்டுமானால், முனைவர் பட்டத்துக்குப் பிறகு அவர் பல்கலைக்கழகம் மாறியிருக்க வேண்டும், அல்லது குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது வெளியே ஆய்வுப் பணி செய்திருக்க வேண்டும். இந்த மூன்றில் எதுவும் மாணவரைப் பார்த்து, இரண்டாவது பட்டத்துக்கு இங்கே வராதே என்று சொல்லவில்லை.

இந்தக் கருத்தை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வும் நியமனத்தைப் பற்றியதே. ஹியூகோ ஹோர்ட்டாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் மெக்சிகோவின் பல்கலைக்கழக ஆசிரியர்களை ஆராய்ந்து 2010-இல் ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். தமக்கு முனைவர் பட்டம் தந்த இடத்திலேயே வேலைக்கு அமர்ந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 15 சதவீதம் குறைவான ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்கள் என்றும், தம் ஆய்வுக்கு முக்கியமான தகவல்களை வெளியாரோடு பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களிடம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு என்றும் அதில் கண்டறிந்தார்கள். மதிக்க வேண்டிய ஆய்வு, கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு. ஆனால் அது அளந்தது ஆசிரியர்களை. முதுகலையும் முனைவர் பட்டமும் ஒரே இடத்தில் பெற்று, பிறகு வேறொரு நகரில் வேலைக்குப் போனவரைப் பற்றி அந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை. அவரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது ஆய்வைத் தவறாகப் படிப்பது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. மாணவர் ஆறேழு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியேறுபவர். ஆசிரியர் முப்பது ஆண்டுகள் இருப்பவர். பாடத்திட்டக் குழுவில் உட்காருபவர். அடுத்த ஆசிரியர் யார் என்று முடிவு செய்பவர். தன் நெறியாளரின் ஓய்வால் காலியான இடத்தில் அமர்ந்து, தன் மாணவரைப் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்து, அதே கேள்விகளை மூன்று தலைமுறைக்கு ஓட்டிக்கொண்டு போக அவரால் முடியும். மாணவர் நினைத்தாலும் இதைச் செய்ய முடியாது. துறை மூடிக்கொள்வது மாணவர் தங்கியதால் அல்ல, கதவைத் திறக்கும் அதிகாரம் உள்ளவர்கள் திறக்காததால்தான்.

இன்பிரீடிங் என்ற சொல்லை உலகுக்குத் தந்த அமெரிக்காவில் முனைவர் பட்டம் எப்படி வழங்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அறிவியல் துறைகள் பெரும்பாலானவற்றிலும், கலைத் துறைகள் பலவற்றிலும் மாணவர்கள் இளநிலை முடித்ததும் நேரே முனைவர் படிப்பில் சேர்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை முடித்து, தகுதித் தேர்வில் தேறும்போது போகிற வழியிலேயே முதுகலைப் பட்டம் கைக்கு வருகிறது. கொலம்பியா, யேல் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்கு முன்பே எம்.ஏ., எம்.ஃபில். என்று இரண்டு பட்டங்கள் தருவதுண்டு. அங்கே முழுப் படிப்பையும் முடித்தவரிடம் ஒரே பல்கலைக்கழகத்தின் மூன்று மேற்பட்டங்கள் இருக்கலாம். பிரிட்டனில் ஆய்வு மாணவரை முதலில் எம்.ஃபில்.லுக்குப் பதிவு செய்து, ஓராண்டு வேலையைப் பார்த்த பிறகு முனைவர் பட்டத்துக்கு உயர்த்துவது பழைய வழக்கம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்பில் பி.எஸ்சி. முடித்தவர் சேர்ந்து முதுநிலைப் பட்டத்தையும் முனைவர் பட்டத்தையும் அங்கேயே பெறுகிறார். இவர்களில் எவரையும் தேங்கிப் போனவர் என்று எந்தத் தேர்வுக் குழுவும் சொன்னதில்லை. அதே காரியத்தை இரண்டு தனித்தனி விண்ணப்பங்களாகச் செய்தவரை மட்டும் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு எந்தக் கல்வி நியாயமும் கிடையாது. ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்தால் ஒருங்கிணைந்த பயிற்சி, இரண்டு விண்ணப்பங்களில் சேர்ந்தால் குறுகிய மனம் என்பது படிவத்தை வைத்து மூளையை அளப்பது.

இப்படிப் படித்து வந்தவர்களால் அமெரிக்கத் துறைகள் மூடிக்கொண்டனவா? ‘நேச்சர்’ இதழில் 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, முனைவர் பட்டம் வழங்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களை 2011 முதல் 2020 வரையான பத்தாண்டுத் தரவுகளில் பார்த்தது. தனக்கு முனைவர் பட்டம் தந்த பல்கலைக்கழகத்திலேயே பணியில் இருப்பவர் ஏறத்தாழ பதினொருவரில் ஒருவர்தான். மாணவர்கள் இரண்டு பட்டங்களுக்கும் ஒரே இடத்தில் தங்குகிறார்கள். வேலைக்கு வேறிடம் போகிறார்கள். தங்கிப் படிப்பதும் தங்கி வேலை பார்ப்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பல்கலைக்கழகம் என்பது ஒரே மனம், ஒரே பள்ளி என்ற எண்ணமும் இந்தக் கருத்தின் அடியில் இருக்கிறது. ஐம்பது துறைகள் கொண்ட வளாகத்தில் ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்குப் போவது, அதே பாடத்தை வேறு ஊரில் தொடர்வதைவிடப் பெரிய பயணமாக இருக்கக்கூடும். கிளாட் ஷானனின் மாணவப் பருவம் இதைக் கண்ணுக்கு நேரே காட்டுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல், கணிதம் இரண்டிலும் இளநிலை முடித்த ஷானன் 1936-இல் எம்.ஐ.டி.க்கு வந்தார். அங்கே வானிவர் புஷ் உருவாக்கிய டிஃபரன்ஷியல் அனலைசர் என்ற மாபெரும் இயந்திரக் கணிப்பானைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கிடைத்தது. தண்டுகளும் பற்சக்கரங்களும் நிறைந்த அந்த இயந்திரத்தை இயக்க ஒரு ரிலே மின்சுற்றும் இருந்தது. ஒவ்வொரு ரிலேயும் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும்; மூன்றாவது நிலை கிடையாது. மிச்சிகனில் தர்க்கப் பாடத்தில் படித்த பூலிய இயற்கணிதத்திலும் எதுவும் உண்மை அல்லது பொய்தான். இரண்டும் ஒன்றே என்று அவர் கண்டார். தொடராக இணைத்த சுவிட்சுகளையும் இணையாக இணைத்த சுவிட்சுகளையும் சமன்பாடுகளாக எழுதி, சமன்பாட்டைச் சுருக்கினால் மின்சுற்றும் சுருங்கும் என்று 1937-இல் எழுதிய முதுநிலை ஆய்வேட்டில் காட்டினார். இன்றைய எண்முறைக் கணினிச் சுற்றுகளின் வடிவமைப்பு அதன்மேல்தான் நிற்கிறது.

பிறகு அவர் எம்.ஐ.டி.யை விட்டுப் போகவில்லை. மின்பொறியியல் துறையிலிருந்து கணிதத் துறைக்கு மாறினார். புஷ் கொடுத்த தூண்டுதலில் மரபியலை எடுத்துக்கொண்டார். 1939 கோடையை மரபியல் ஆய்வுக்குப் பேர்போன கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் கழித்தார். மரபியலுக்கு ஓர் இயற்கணிதம் அமைக்கும் ஆய்வேட்டுக்காக 1940-இல் முனைவர் பட்டம் பெற்றார். இடையில் 1937 கோடையில் பெல் ஆய்வகத்திலும் வேலை பார்த்திருந்தார். மின்சுற்றிலிருந்து மரபணுவுக்குப் போனவரின் இரண்டு மேற்பட்டங்களிலும் அச்சாகியிருப்பது ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர். பெயரை மட்டும் எண்ணுபவர் ஷானனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் தவறவிடுவார்.

ஷானன் துறை மாறினார் என்றால், துறையும் மாறாமல் தங்கியதில் ஆழம் கண்டவர் பார்பரா மெக்கிளின்டாக். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1923-இல் இளநிலை, 1925-இல் முதுநிலை, 1927-இல் முனைவர் என்று மூன்று பட்டங்களும் அவருக்கு இதாகா நகரின் அந்த ஒரே வளாகத்தில் கிடைத்தன. மேற்படிப்பு இரண்டும் தாவரவியல் துறையில். ஆய்வுப் பொருள் மக்காச்சோளம். அந்தச் செடியின் பத்துக் குரோமோசோம்களையும் நுண்ணோக்கியின் கீழே ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்தி அடையாளம் காணும் முறையை அவர் அங்கே உருவாக்கினார். ஒவ்வொன்றின் நீளம், கைகளின் அளவு, முடிச்சுகளின் இடம் ஆகியவற்றைப் பார்த்து எண் கொடுத்தார். அதற்கு முன் மரபியலாளர்கள் பண்புகள் சேர்ந்து வருவதை வைத்து மரபணுக் கூட்டங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கூட்டம் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல மெக்கிளின்டாக்கின் வேலைக்குப் பிறகுதான் முடிந்தது. தன்னைப் போலவே கார்னெலில் ஆய்வு மாணவியாக இருந்த ஹேரியட் கிரெய்டனோடு சேர்ந்து, மரபணுக்கள் இடம் மாறும்போது குரோமோசோம் துண்டுகளும் உண்மையிலேயே இடம் மாறுகின்றன என்று 1931-இல் நிரூபித்தார். மருத்துவத்துக்கான நோபல் பரிசு 1983-இல் வந்தது.

இந்த வேலையின் இயல்பைக் கவனிக்க வேண்டும். இதாகாவில் மக்காச்சோளம் கோடையில் ஒரு போகம்தான் விளையும். இந்தக் கோடையில் செய்த கலப்பின் விளைவு அடுத்த கோடையில்தான் தெரியும். வயல், விதை, எந்த விதை எந்தத் தாய்ச்செடியிலிருந்து வந்தது என்ற பதிவு, சாயமேற்றும் முறையில் பழகிய கை, கலந்து பேச ரோலின்ஸ் எமர்சனைச் சுற்றி வளர்ந்த மக்காச்சோள மரபியல் குழு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஆய்வு. முதுநிலை முடிந்ததும் ‘வெளியே போ’ என்ற அறிவுரையை அவர் கேட்டிருந்தால், கையில் எடுத்துப் போகக்கூடியது சான்றிதழ் மட்டுமே. வயலாய்வு, நீண்டகாலக் கண்காணிப்பு, சுவடிப் பதிப்பு, ஒரு சமூகத்தின் மொழியைக் கற்று அவர்களோடு வாழ்ந்து செய்யும் மானிடவியல் ஆய்வு என்று ஆண்டுக்கணக்கில் கட்டியெழுப்பும் எல்லாத் துறைகளிலும் இதுவே நிலைமை. முதுகலை ஆய்வேட்டில் விதைத்த கேள்வி முனைவர் ஆய்வில்தான் விளையும். நடுவில் பிடுங்கி நட்டால் விளைச்சல் தள்ளிப் போகும். சில நேரம் செடியே பட்டுப்போகும்.

இதற்கு எதிராக ரிச்சர்டு ஃபைன்மனின் கதை எப்போதும் சொல்லப்படுகிறது. எம்.ஐ.டி.யில் இளநிலை முடிக்கும்போது அங்கேயே மேற்படிப்பைத் தொடர ஃபைன்மன் விரும்பினார். இயற்பியல் துறைத்தலைவர் ஜான் ஸ்லேட்டர் இடம் கொடுக்க மறுத்து, உலகம் எப்படியிருக்கிறது என்று வெளியே போய்ப் பார்க்கச் சொன்னார். ஃபைன்மன் பிரின்ஸ்டன் போனார். ஸ்லேட்டர் சொன்னது சரி என்று பின்னாளில் எழுதினார். நல்ல கதை, உண்மையான கதை. ஆனால் குவாண்டம் மின்னியக்கவியலுக்காக 1965-இல் ஃபைன்மனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் ஜூலியன் ஷ்விங்கர். அவர் கொலம்பியாவில் 1936-இல் இளநிலையும் அதே கொலம்பியாவில் 1939-இல் முனைவர் பட்டமும் பெற்றவர். அதே 1965-இல் வேதியியல் பரிசு பெற்ற ராபர்ட் வுட்வர்டு எம்.ஐ.டி.யில் 1936-இல் இளநிலையும் மறு ஆண்டே அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றவர். ஒரே ஆண்டு, ஒரே மேடை. ஊர் மாறியவருக்கும் மாறாதவர்களுக்கும் அங்கே எந்த வேறுபாடும் இருக்கவில்லை.

மேதைகளைக் காட்டி வாதாடக் கூடாது என்பார்கள். அந்த ஆட்சேபம் நியாயமானது. அது இரு பக்கத்துக்கும் பொருந்தும். ஷ்விங்கர் தங்கியதால் மேதையாகவில்லை. ஃபைன்மன் போனதாலும் மேதையாகவில்லை. இந்த உதாரணங்கள் தங்குவது சிறந்தது என்று நிரூபிக்கவில்லை. போயே தீர வேண்டும் என்ற சட்டம் சட்டமல்ல என்பதை மட்டுமே காட்டுகின்றன. ஷ்விங்கரின் வாழ்க்கையில் இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. கொலம்பியாவின் மாணவராக இருந்துகொண்டே, பயண நிதி பெற்று 1937-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு கல்வியாண்டுக் காலத்தை அவர் அங்கே கழித்தார். வெளியுலகத் தொடர்பு வேறு. பட்டம் தரும் நிறுவனத்தை மாற்றுவது வேறு. முதலாவது ஒவ்வொரு ஆய்வாளருக்கும் கட்டாயம் தேவை. இரண்டாவது அதை அடைவதற்கான பல வழிகளில் ஒன்று, அதுவும் செலவு அதிகமான வழி.

இடம் மாறினால் புதிய காற்று கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் சோதிக்க வேண்டும். ஆரன் கிளாசெட்டும் மற்றவர்களும் அமெரிக்காவின் கணினி அறிவியல், வணிகம், வரலாறு ஆகிய மூன்று துறைகளில் ஆசிரியர்கள் எங்கே பட்டம் பெற்றவர்கள் என்று ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். கால்வாசிப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே நிரந்தரப் பணிவழி ஆசிரியர்களில் 71 முதல் 86 சதவீதம் பேரை உருவாக்கியிருந்தன. அதாவது, ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறும் மாணவர், பெரும்பாலும் தன் பழைய ஆசிரியர்களின் வகுப்புத் தோழர்களிடமே போய்ச் சேர்கிறார். அதே பாடநூல், அதே மாநாடு, அதே முன்னுரிமைகள். பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது. தங்கியவர் குறுகியவர், மாறியவர் விரிந்தவர் என்று இதை வைத்து எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிறிய ஊரின் பல்கலைக்கழகத்தில் தங்கி, யாரும் தொடாத ஒரு வட்டாரத்தின் மண்ணையோ மொழியையோ ஆராய்பவர் புதிதாகச் சொல்வதற்கு அதிகம் வைத்திருக்கக்கூடும்.

இனி, இந்த அறிவுரையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி. அறிவுரை சொல்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது. அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவரை எடுத்துக்கொள்ளலாம். முதுநிலை முடித்து அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்புக்கு உயர்ந்தால், விசா நிலையைப் பொறுத்தவரை அது அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குள்ளேயே முடியும் நிலைமாற்றம். வேறிடம் போனால் விசாவுக்கான மாணவர் பதிவையே புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. போன இடத்தில் முதுநிலையில் படித்த பாடங்களில் எத்தனையை ஏற்றுக்கொள்வார்கள் என்பது அந்தத் துறையின் விருப்பம். தகுதித் தேர்வு எப்படியும் புதிதாக எழுத வேண்டும். ஓராண்டு போய்விடும், சில நேரம் ஒன்றரை.

இந்தியாவில் இதன் வடிவம் வேறு, சுமை அதேதான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, ஊரிலிருந்து தினம் பேருந்தில் வந்துபோகும் மாணவி, வீட்டில் போராடி முதுகலைவரை வந்திருப்பார். அதே வளாகத்தில், வீட்டாருக்கும் தெரிந்த ஒரு பேராசிரியையின் கீழே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய அவருக்கு அனுமதி கிடைக்கும். வேறு மாநிலத்துக்குப் போவதென்றால் பேச்சே எடுபடாது. அவரிடம் போய், இங்கேயே படித்தால் உன் பட்டத்துக்கு மதிப்பில்லை என்று சொல்வது அறிவுரையாகாது, கதவடைப்பு. கைக்குழந்தை உள்ளவர், முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர், உடற்குறை காரணமாக ஒரு வளாகத்தின் வசதிகளைப் பழக்கிக்கொண்டவர், பகுதிநேரமாகப் படிக்கும் பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கெல்லாம் இடம்பெயர்தல் என்பது படிப்பை விடுதல் என்றே பொருள்படும். இடம்பெயர வசதியுள்ளவர்களின் வாழ்க்கை வழியை அறிவுத் திறனின் அளவுகோலாக்கி, அதை எல்லோர் மீதும் வைத்து அளக்கும் அநியாயம் இது.

இரண்டு மேற்பட்டங்கள் இரண்டு வெவ்வேறு தொழில்களுக்கானவை என்றால் ஒரே பல்கலைக்கழகம் என்பது தேவையாகவே ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் மருத்துவப் பட்டத்தையும் முனைவர் பட்டத்தையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு 1964 முதல் நிதி தருகிறது. இரண்டாண்டு மருத்துவப் பாடம், பிறகு நான்கைந்து ஆண்டு ஆய்வகம், மறுபடி மருத்துவமனை வார்டுகள் என்று ஏறத்தாழ எட்டாண்டு ஓடும் இந்தப் படிப்பு, இரு புறமும் ஒன்றையொன்று அறிந்து அட்டவணை போட்டால்தான் நடக்கும். நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுக்காக 1998-இல் நோபல் பெற்ற ஃபெரிட் முராட், கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் இப்படி இரண்டு பட்டங்களையும் 1965-இல் பெற்றவர். ஹார்வர்டில் சட்டத்தையும் வணிக மேலாண்மையையும் சேர்த்துப் படிப்பவர் தனித்தனியாக ஐந்தாண்டு ஆகும் இரண்டு பட்டங்களை நான்கு ஆண்டில் முடிக்கிறார். ஒரு பல்கலைக்கழகம் மற்றொன்றின் பாடத்தை இந்த அளவுக்கு ஏற்றுக்கொள்வது அரிது.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் இரண்டு பட்டப் படிப்புகளை ஒரே காலத்தில் படிக்க அனுமதித்தது. இரண்டையும் நேரடி வகுப்பில் படிக்கலாம். ஆனால் ஒன்றின் வகுப்பு நேரம் மற்றொன்றோடு மோதக் கூடாது. முனைவர் படிப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. காலையில் ஒரு முதுகலை, மாலையில் மற்றொன்று என்று நேரில் போய்ப் படிக்க வேண்டுமானால், இரண்டும் ஒரே வளாகத்தில் அல்லது நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். பொருளியலும் புள்ளியியலும், மொழியியலும் கணினியியலும் சேர்த்துப் படிக்க விரும்பும் மாணவருக்கு ஆணை வழிவிட்டுவிட்டது. அந்த மாணவரைப் பார்த்து, இரண்டையும் ஒரே இடத்திலா படித்தாய் என்று முகம் சுளிப்பவர், ஆணை தந்த வாய்ப்பை வாய்ச்சொல்லால் பறிக்கிறார்.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தங்கக் கூடாத நேரங்கள் உண்டு. மாணவர் எடுத்துக்கொண்ட பொருளில் துறையில் ஒரே ஒருவர்தான் வல்லவர், அவரும் ஓய்வுபெறப் போகிறார் என்றால் போய்விடுவதே நல்லது. முதுகலையில் பழகிய கைடு, அந்தப் பழக்கத்தை வைத்துத் தன் திட்டப் பணிகளுக்கு ஆள் சேர்க்கிறார், மாணவரின் சொந்தக் கேள்விக்கு இடமில்லை என்றாலும் அப்படியே. தேவைப்படும் கருவியோ சுவடித் தொகுப்போ வேறு ஊரில் இருந்தால் அங்கே போவதைத் தவிர வழியில்லை. இந்த முடிவுகள் ஒவ்வொன்றும் ஒரு துறையை, ஒரு நெறியாளரை, ஒரு கேள்வியைப் பார்த்து எடுக்க வேண்டியவை. பல்கலைக்கழகத்தின் பெயரை எண்ணுவது இந்தப் பார்வைக்கு மாற்றாகாது. உண்மையில் அது இந்தப் பார்வையின் உழைப்பைத் தவிர்ப்பதற்கான குறுக்குவழி. பரிந்துரைக் கடிதங்கள் ஒரே இடத்திலிருந்து வரும் என்ற குறைக்கும் தீர்வு எளிது. வெளியிலிருந்து ஓர் இணை நெறியாளர், வேறு நிறுவனத்தில் ஒரு பருவம், வெளியாரோடு ஒரு கட்டுரை ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றிருந்தால் அந்தக் கடிதம் வந்துவிடும்.

ஆய்வு தன் வளாகத்துக்குள்ளேயே சுற்றாமல் வெளிக்கண்ணுக்குப் படுவதை உறுதி செய்ய அமைப்பிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, ஆய்வேட்டை நெறியாளரைத் தவிர, அந்த நிறுவனத்தில் பணிபுரியாத குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிட வேண்டும். வாய்மொழித் தேர்வில் அவர்களில் ஒருவராவது இருக்க வேண்டும். மாணவர் முதுகலையை எங்கே படித்தார் என்பதைவிட, இந்த இருவர் யார் என்பதில்தான் பட்டத்தின் தரம் இருக்கிறது. நடைமுறையில் தேர்வாளர் பேனலை நெறியாளரே எழுதித் தருகிறார். இவர் மாணவருக்கு அவர், அவர் மாணவருக்கு இவர் என்று தெரிந்த முகங்கள் மாறி மாறி வந்தால், மூன்று மாநிலங்களில் மூன்று பட்டம் வாங்கிய மாணவரின் ஆய்வேடும் யாராலும் படிக்கப்படாமலே தேறிவிடும். வைவா அரங்கில் பொன்னாடையும் மதிய உணவும் ஏற்பாடாகியிருக்கும். ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் இருக்கும் பிழையைப் பற்றி ஒரு கேள்விகூட எழாது. உள்ளுக்குள்ளேயே சுழலும் கல்வியைப் பற்றி உண்மையாகக் கவலைப்படுபவர்கள் கைவைக்க வேண்டிய இடங்கள் இரண்டு. தேர்வாளர் பேனலை நெறியாளர் கையிலிருந்து எடுத்து, துறைக்கு வெளியே உள்ள ஒரு குழுவிடம் தர வேண்டும். ஆசிரியர் பணியிடம் காலியாகும்போது, அதே துறையில் பட்டம் பெற்றவர் வெளியே சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகே விண்ணப்பிக்கலாம் என்று நியமன விதியில் எழுத வேண்டும். இரண்டையும் செய்ய ஆட்சிமன்றக் குழுவுக்கும் கல்விப் பேரவைக்கும் அதிகாரம் உண்டு. முதுகலை இறுதியாண்டு மாணவருக்கு இல்லை.